குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த உப்பு

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் பேருந்தில் ஏறினால் அனகாபுத்தூர், பம்மல் என்று வரிசையாக ஊர்கள் வரும். பல்லாவரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் திரும்பினால் அடுத்த ஊர் குரோம்பேட்டை. சுற்றியுள்ள பெயர்களைப் பாருங்கள். பல்லாவரம் பல்லவர்கள் பெயரைச் சுமக்கிறது. திருநீர்மலை ஆழ்வார்கள் பாடிய தலம். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். இத்தனை பழைய பெயர்களுக்கு நடுவே குரோம்பேட்டை மட்டும் எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துரை இல்லை, ஒரு உலோகம்! குரோமியம்.

ஒரு வேதிப்பொருளின் பெயரை ஒரு ஊருக்கே வைத்திருக்கிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி ரயில் டிக்கெட் வாங்குகிறார்கள். அந்த உலோகம் இங்கே வந்த கதை சுவாரஸ்யமானது. கொஞ்சம் வருத்தமானதும் கூட.

முதலில் உலோகத்தைப் பற்றி. 1797-ல் லூயி நிக்கோலா வாக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தை ஆராய்ந்தபோது அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் சேர்மங்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பல நிறங்களில் இருந்தன. கிரேக்க மொழியில் 'குரோமா' என்றால் நிறம். அதிலிருந்து வந்ததுதான் குரோமியம். மாணிக்கக் கல்லின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் இந்தத் தனிமத்தின் வேலைதான். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டு துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் குரோம்பேட்டைக்கு இது நகையாகவும் வரவில்லை, பாத்திரமாகவும் வரவில்லை. தோல் பதனிடும் உப்பாக வந்தது.

ஒரு ஆட்டின் தோலை உரித்து அப்படியே வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் நாறும், அழுகும். வெயிலில் காய வைத்தால் அழுகாது, ஆனால் பலகை மாதிரி விறைத்துவிடும். மறுபடி தண்ணீர் பட்டால் மீண்டும் அழுகத் தொடங்கும். (மிருதங்கத்துக்கும் பறைக்கும் இந்த விறைப்புதான் வேண்டும். அதனால் அவற்றுக்குப் பதனிடாத தோலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.) செருப்புக்கும் பைக்கும் தோல் மெத்தென்று இருக்க வேண்டும், அழுகவும் கூடாது. அதற்கு மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மரப்பட்டையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புச் சாற்றில் தோலை ஊறப்போடுவது. நம் ஊரில் அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பது போல இருக்குமே, அந்தத் துவர்ப்பேதான் தோலின் நார்களையும் பிடித்துக் கட்டுகிறது. அதன் பெயர் டானின்.

இந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி நம் பாடப்புத்தக வரலாறு அதிகம் பேசுவதில்லை. ஆனால் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், கோயில் முரசுகளுக்குப் போர்க்கும் தோலையும் இழுத்துக் கட்டும் வாரையும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பையும் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது, அவர் வெளியே நின்றார். தோல் தொழிலின் சமூக வரலாறு முழுவதுமே இப்படித்தான். பொருள் வேண்டும், அதைச் செய்த கை வேண்டாம்.

சரி, அறிவியலுக்கு வருவோம். பட்டைச் சாற்றில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நேரம்! தடிமனான மாட்டுத்தோல் குழியில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகின. இயந்திரங்களை ஓட்டும் பெல்ட்டுக்குத் தோல், ராணுவ பூட்ஸுக்குத் தோல், குதிரைச் சேணத்துக்குத் தோல். மாதக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

1858-ல் பிரீட்ரிக் க்னாப் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பட்டைக்குப் பதிலாக உலோக உப்புகளாலும் தோலைப் பதனிட முடியும் என்று எழுதினார். அவர் சோதித்த உப்புகளில் குரோமியமும் ஒன்று. ஆனால் அப்போது தொழிலதிபர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1884-ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியத்தை வைத்துத் தோல் பதனிடக் காப்புரிமை பெற்றார். அவர் தோல்காரரே இல்லை, சாயம் தொடர்பான வேதியியல் தெரிந்தவர். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையில் எஃகுப் பட்டைகள் வைத்துத் தைப்பார்கள். அன்று படிகாரத்தில் பதனிட்ட தோலை அதன் மேல் சுற்றினால் எஃகு துருப்பிடித்தது. துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டதால்தான் ஷுல்ட்ஸ் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார் என்று சொல்வார்கள். உலகத்தின் செருப்புகளையெல்லாம் மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு, இடுப்புப் பட்டையில் ஆரம்பித்தது! அவருடைய முறையில் தோலை இரண்டு தொட்டிகளில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் என்ற அமெரிக்கர் ஒரே தொட்டியில் முடிக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுக்க நடப்பது ஏறக்குறைய அந்த ஒரு தொட்டி முறைதான்.

மாதக்கணக்கு வேலை ஒரு நாளைக்குள் சுருங்கியது. அது மட்டுமில்லை. பச்சைத்தோலைச் சுடுதண்ணீரில் போட்டால் 60 - 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டு போகும். பட்டையில் பதனிட்ட தோல் 75, 80 டிகிரி வரை தாங்கும். குரோம் தோல் கொதிக்கும் தண்ணீரையே தாங்கும். தோல் கம்பெனிகளில் சின்ன துண்டு ஒன்றை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது சென்னைக்கு வருவோம். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வகுப்பறையோடு நிற்காமல், இந்த ஊரில் என்ன தொழில் வளரும் என்று தேடித் தேடிச் சோதித்தார். எழும்பூர் அருகே இருந்த அரசு கலைப் பள்ளியில் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தவரும் அவரே. நம் அடுப்படியில் அலுமினியம் நுழைந்த கதை தனியாக எழுத வேண்டியது.

1903-ல் அவர் குரோம் தோலைக் கையில் எடுத்தார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பூட்ஸுக்கு அல்ல. கிணற்றுக்கு!

மின் மோட்டார் வராத காலம் அது. கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைத்தது கமலை. வட மாவட்டங்களில் இதையே கவலை என்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட, கிணற்றுக்குள்ளிருந்து சால் நிறைய நீர் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை போல ஒரு தோல் குழாய் தொங்கும். வாய்க்கால் மட்டத்துக்கு வந்ததும் அதன் வழியாகத் தண்ணீர் கொட்டும். பல இடங்களில் சால் முழுவதுமே தோல்தான். காலையிலிருந்து மாலை வரை தண்ணீரில் முங்கி, இரவில் காய்ந்து, மறுநாள் மறுபடி முங்கும் தோல் எத்தனை நாள் தாங்கும்? பட்டைத் தோலிலிருந்து துவர்ப்புச் சாறு மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும், பிறகு அழுகும். ஏழை விவசாயிக்கு இது ஓயாத செலவு. மேலும் அந்த நாட்களில் சென்னை மாகாணத்துத் தோல் ஏராளமாகக் கப்பலேறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்ததால் உள்ளூரில் விலையும் ஏறியிருந்தது. தண்ணீரில் கரையாத குரோம் தோல் இங்கே சரியான மருந்து என்று சாட்டர்டன் கணக்குப் போட்டார். கமலைத் தோலும் செருப்பும் செய்து பார்த்தார். வேலை நன்றாகவே நடந்தது.

அரசாங்கமே தொழிற்கூடம் நடத்திப் பொருளை விற்பதா என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் முறைத்தார்கள். லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910-ல், அரசு தொழிலைக் கற்றுக் கொடுக்கலாம், தானே வியாபாரம் செய்யக் கூடாது என்று கடிதம் எழுதினார். அரசின் குரோம் முயற்சி அதோடு கைமாறியது. ஒரு நாட்டின் தொழில் வளரலாமா கூடாதா என்பதை ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கடிதம் தீர்மானித்தது. இதைவிட எளிதாக காலனி ஆட்சியை விளக்க முடியாது.

ஆனால் கற்றுக்கொண்ட வித்தை போய்விடவில்லை. 1912-ல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குத் தெற்கே 'குரோம் லெதர் கம்பெனி'யை நிறுவினார். தோல் தொழிலுக்கு நிறையத் தண்ணீர், விரிந்த இடம், பக்கத்தில் ரயில் மூன்றும் வேண்டும். கூடவே, நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்ல நகரம் பக்கத்தில் இருக்கக் கூடாது. அன்றைய பல்லாவரம் பகுதியில் இவை எல்லாமே இருந்தன. இரண்டாண்டில் முதல் உலகப்போர் வந்தது. சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சென்னைத் தோலை பிரிட்டிஷ் அரசு அள்ளிக்கொண்டது. கம்பெனியைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது. குரோம் கம்பெனி இருக்கும் பேட்டை, குரோம்பேட்டை ஆயிற்று. 1949-ல் அதே ஊரில் எம்.ஐ.டி. தொடங்கி, பின்னாளில் அப்துல் கலாம் அங்கே படித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனியைத்தான் பலருக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குரோமியம் தோலுக்குள் போய் என்னதான் செய்கிறது என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. தோல் எதனால் ஆனது என்பதே சரியாகத் தெரியாதபோது அது எப்படித் தெரியும்? அந்தப் பதிலின் பெரும் பகுதி குரோம்பேட்டையிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, கிண்டியில் கிடைத்தது.

தோலின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். நம் உடலில் உள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1952-ல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். அங்கே வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் பதிலை வெளியிட்டார்கள். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மூன்று இழைகள்! பெண்கள் மூன்று கால் எடுத்துப் பின்னும் சடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் உலகத்துக்குத் தெரிந்த மறு ஆண்டே, இந்த மூன்று சுருள் சென்னையிலிருந்து போனது. அதற்குப் பக்கத்திலேயே அடையாறில், 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., வளர்ந்துகொண்டிருந்தது.

சடைக்கும் குரோமியத்துக்கும் என்ன தொடர்பு? கொலாஜன் சடைகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஓரங்களில் கார்பாக்சில் என்ற அமிலக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். குரோமியம் இரண்டு சடைகளின் கொக்கிகளை ஒரே நேரத்தில் பிடித்துப் பாலம் போடுகிறது. பாலம் விழுந்தபின் சூட்டிலும் சடை அவிழாது, கிருமியும் எளிதில் கடிக்க முடியாது. தோல் கம்பெனிகளில் செய்யும் ஒரு தந்திரம் இதிலிருந்து புரியும். சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் போடுவார்கள். அமிலத்தில் கொக்கிகள் மூடிக்கொள்ளும். அப்போது குரோமிய உப்பைப் போட்டால் அது எங்கும் ஒட்டாமல் தோலின் நடுப்பகுதி வரை போகும். பிறகு சோடா சேர்த்து அமிலத்தைக் குறைத்தால் கொக்கிகள் திறந்து, உள்ளே வந்த குரோமியத்தை அங்கங்கே பிடித்துக்கொள்ளும். முதலிலேயே திறந்திருந்தால் வெளிப்பக்கம் மட்டும் பதனாகி, நடுவில் பச்சையாகவே இருந்திருக்கும். சுழலும் பெரிய மர டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் இளநீல நிறத்தில் இருக்கும். இன்று உலகில் செய்யப்படும் தோலில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இந்த நீலத்தைத் தாண்டித்தான் கறுப்பு ஷூவாகவும் பழுப்பு பர்ஸாகவும் மாறுகிறது.

போட்ட குரோமியம் முழுவதையும் தோல் பிடித்துக்கொள்வதில்லை. சாதாரண முறையில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒட்டும். மீதி? கழிவு நீரோடு வெளியே. அதோடு சுண்ணாம்பு, சல்பைடு, தோல் அழுகாமல் இருக்கத் தடவிய கறியுப்பு எல்லாம் சேர்ந்து போகும். பம்மல், நாகல்கேணி பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட தோல் கம்பெனிகள் முளைத்தன. பல ஆண்டுகளாகக் கழிவு பள்ளத்திலும் கால்வாயிலும் விடப்பட்டு மண்ணுக்குள் இறங்கியது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பகுதி நிலத்தடி நீர் அதைத் தாண்டியிருந்ததை ஆய்வுகள் காட்டின. குரோமியம் படிவதற்கு முன்பே உப்பு வேலையைக் காட்டிவிடும். கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குரோமியம் என்றாலே நஞ்சு என்று சொல்வது தவறு. தோலில் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது அவ்வளவு ஆபத்தில்லாதது. ஆறு இணைதிறன் கொண்ட வடிவம்தான் புற்றுநோய் வரை கொண்டு போகக்கூடியது. ஆனால் மண்ணிலும் சாம்பலிலும் சில சூழல்களில் முதலாவது இரண்டாவதாக மாறலாம். எனவே 'நாங்கள் போட்டது நல்ல குரோமியம்தான்' என்று சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், திண்டுக்கல் பக்கங்களில் நிலைமை இன்னும் மோசம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் சொல்லப்பட்ட எண்களைப் பாருங்கள். ஒரு கிலோ தோலைத் தயாரிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். சுமார் 170 வகை ரசாயனங்கள். தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ கெட்டுவிட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்தபோது 467 கிணறுகளில் 350 பாழ். விவசாயியின் கிணற்றுக்கு நல்ல சால் வேண்டும் என்று 1903-ல் தொடங்கிய தொழில் அது.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஐந்து மாவட்டத் தோல் கம்பெனிகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த ஐந்தில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அன்று இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. கழிவைச் சுத்திகரிக்காத கம்பெனி மூட வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. பல்லாவரம் பகுதியில் கம்பெனிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தன.

சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த விஷம் எங்கேயோ குவிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் படுப்பவர் யார் என்பது மட்டும் சேக்கிழார் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை.

வேதியியலும் சும்மா இருக்கவில்லை. ஒட்டாமல் போன குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். இந்த மீட்பு முறையை சி.எல்.ஆர்.ஐ. தோல் கம்பெனிகளுக்குக் கொண்டு போனது. கடந்த பத்தாண்டில் தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் ஒரு முறையையும் அதே நிலையம் உருவாக்கியது. தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமே போதும், உப்பும் அமிலமும் கலந்த ஊறலும் வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ஆவாரம்பட்டைத் தோலுக்கும் வெளிநாட்டில் மறுபடி மவுசு வந்திருக்கிறது. வாரக்கணக்கில் ஊற வேண்டிய அதே பழைய தோல், இப்போது 'இயற்கைத் தோல்' என்று கூடுதல் விலைக்கு.

கமலை என்ன ஆயிற்று? சாட்டர்டன் தோல் சாலோடு நிற்காமல், ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளையும் அதே காலத்தில் நடத்தினார். எஞ்சினும் அதன் பின்னால் வந்த மின் மோட்டாரும் கமலையை அடியோடு ஒழித்துவிட்டன. யாருக்காக குரோம் தோல் செய்யப்பட்டதோ அந்தச் சால் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோட்டார் போட்டாலும் நாகல்கேணிப் பக்கத்துப் பழைய கிணற்று நீரைக் குடிக்க முடியாது. குடிதண்ணீர் லாரியிலும் குழாயிலும் வருகிறது.